முயலுக்கு போஸ்ட்மார்ட்டம்: வடக்கு பெங்களூரின் ஒரு தனியார் லேப், 5-க்கு மூன்றரை

ராத்திரி கொத்தமல்லித் தழையை மென்றுகொண்டிருந்த முயல் விடிந்ததும் விறைத்துக் கிடந்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, 'நாம என்ன தப்பு பண்ணோம்?' அதற்குப் பதில் தரக்கூடிய சேவை பெங்களூரில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இந்த லேபில் நாய், பூனையோடு முயலையும் எடுத்துக்கொள்கிறார்கள். வேலை சுத்தம், ரிப்போர்ட்டும் ஒழுங்கு. ஆனால் கவுண்டரில் சொல்லவேண்டிய பாதி விஷயத்தைச் சொல்வதில்லை. மூன்றரையோடு நிறுத்தியது அதற்காகத்தான்.

உடலை வெட்டிக் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு கட்டணம். உறுப்புத் துண்டுகளைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு, ஸ்லைடு செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஹிஸ்டோபாத்தாலஜிக்குத் தனிக் கட்டணம். முதலாவதை மட்டும் எடுப்பது பெரும்பாலும் தண்டச் செலவு. குடல் அடைப்பு, கல்லீரல் மடல் முறுக்கிக்கொண்டது, காக்சிடியா கிருமியால் கல்லீரலில் வந்த வெள்ளைக் கட்டிகள், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதயத் தசை, சிறுநீரகம், மூளையில் நடந்தது பல சமயம் தெரியாது. 'நோ சிக்னிஃபிகன்ட் க்ராஸ் லீஷன்ஸ்', அதாவது கண்ணுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்ற ஒற்றை வரி ரிப்போர்ட்டைப் பார்த்து லேபைத் திட்டுகிறவர்களில் பலர் இரண்டாவதற்குப் பணம் கட்டாதவர்கள்தான்.

அடுத்து அடிக்கடி வருவது 'மார்க்டு ஆட்டோலைசிஸ்', அதாவது திசு தானாகவே சிதைந்துவிட்டது. இது லேபின் தவறில்லை, நம் வீட்டில் நடப்பது. முயலின் பெருங்குடல் பை புளிக்கவைக்கும் தொட்டி மாதிரி. உயிர் போனாலும் உள்ளே பாக்டீரியா வேலையை நிறுத்தாது. மேலே அடர்ந்த ரோமம் கம்பளி போலச் சூட்டைப் பிடித்துவைக்கும். ஏப்ரல் மாதத்தில் அழுதுகொண்டே நாலு மணி நேரம் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தால் ஸ்லைடில் பார்க்க எதுவும் மிஞ்சாது.

செய்யவேண்டியது இது. கிடந்த கோலத்தையும் கூண்டையும் போட்டோ எடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, ரோமம் தோல் வரை நனையும்படி ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் மேலாகவே வழிந்துவிடும். காற்றை வெளியேற்றி இரண்டு பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், சுமார் 4 டிகிரியில் வையுங்கள். ஃபிரீசரில் வேண்டவே வேண்டாம். ஐஸ் படிகம் செல்களைக் கிழித்துவிடும். 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போனால் நல்லது. கொண்டுபோக தெர்மோகோல் பெட்டி வேண்டுமென்றால் ரஸ்ஸல் மார்க்கெட் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

லேபில் கொடுக்கும் படிவத்தை ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். வெயில் தாக்கிச் செத்த முயலின் உடலில் அதற்கே உரிய அடையாளம் என்று அதிகம் இருக்காது. 'மேல்மாடி, தகரக் கூரை, மின்விசிறி ஓடவில்லை' என்று நீங்கள் எழுதினால்தான் டாக்டர் அந்தப் பக்கம் யோசிப்பார். நாய்க்கு உண்ணி மருந்தாகப் போடும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் குடல் பாக்டீரியாவைக் குலைத்துக் கொன்றுவிடும். இவற்றில் எதைக் கொடுத்திருந்தாலும் கூச்சப்படாமல் தேதியோடு எழுதுங்கள். விஷ சந்தேகம் இருந்தால் கத்தி வைப்பதற்கு முன்பே சொல்லவேண்டும். அதற்கு, வெட்டி எடுத்த கல்லீரலும் இரைப்பையில் இருப்பதும் ஃபார்மலின் படாமல் உறைநிலையில் போகவேண்டும். இதைக் கவுண்டரில் யாரும் கேட்பதில்லை. அரை மார்க் இங்கே போனது.

அடுத்த அரை மார்க்: வாங்கிய பெட்டியை ரிசப்ஷன் பெஞ்சுக்கு அடியிலேயே வைத்துவிடுகிறார்கள். ரசீது கைக்கு வந்ததும் கிளம்பாதீர்கள், கோல்டு ரூமுக்குப் போகும்வரை நின்று பாருங்கள்.

ரிப்போர்ட் தரமானது என்பதற்கு ஓர் உதாரணம். செத்த முயலுக்கு வயிறு எப்படியும் ஊதும். அது சாவுக்குப் பின் சேர்ந்த வாயுவா, சாகடித்த வாயுவா என்பதுதான் கேள்வி. முயலால் வாந்தி எடுக்க முடியாது. சிறுகுடலில் இறுகிய முடி உருண்டை ஒன்று அடைத்தால் இரைப்பை நீரும் வாயுவுமாக வீங்கி, சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். இரைப்பைச் சுவரின் ரத்தத் தேக்கம், அடைப்பு இருந்த இடம் இரண்டையும் இங்கே தனித்தனியாக எழுதுகிறார்கள். அந்த வரியைப் படித்தால், நேற்று போட்ட கேரட் துண்டின் மேல் பழி போட வேண்டியதில்லை என்று புரிந்துவிடும். மூக்கில் கொஞ்சம் ரத்தம் பார்த்து வேலைக்கார அம்மாவைச் சந்தேகப்பட்ட வீடுகளுக்கும் இது பொருந்தும். நோயிலும் வரும், செத்தபின் சும்மாவும் கசியும்.

கடைசி அரை மார்க் குறைந்தது சொல்லாமல் விட்டதற்காக. வீட்டில் ஜோடி முயல் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. தொற்று சந்தேகம் இல்லையென்றால், நனைப்பதற்கு முன் அரை மணி நேரம் உடலை அதன் பக்கத்தில் விடுங்கள். முகர்ந்து பார்க்கும், தள்ளிப் பார்க்கும், பிறகு விலகிவிடும். காட்டாமல் எடுத்துவிட்டால் சில முயல்கள் நாள்கணக்கில் தேடும். அது 12 மணி நேரம் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் துக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். தொற்று சந்தேகம் என்றால் காட்டவேண்டாம். வைக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு, கூண்டைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

கையெழுத்துப் போடும்முன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். எதுவும் குறிக்காமல் விட்டால் மற்ற உடல்களோடு சேர்த்து எரித்துவிடுவார்கள். உடல் வேண்டுமென்றால் 'தைத்துத் திருப்பித் தரவும்' என்று கேட்கவேண்டும். தொற்று என்றால் தரமாட்டார்கள். வாங்கியபின் சுமனஹள்ளியில் விலங்குகளுக்கான தகன மேடை இருக்கிறது, கெங்கேரியில் புதைக்கவும் இடம் உண்டு. இரண்டுக்கும் முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள். தெர்மோகோல் பெட்டியை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், அதையும் எரித்துவிடுகிறார்கள்.