சேவலா, வெடையா? ஆறு வருஷம் குஞ்சு பார்த்த அனுபவம்

முட்டைக்கென்று வாங்கிய 12 குஞ்சில் எட்டு, நாலாம் மாதத்தில் விடிவதற்கு முன்பே கூவ ஆரம்பித்தன. காலைச் சந்தையில் விற்றவர் "எல்லாம் பெட்டைதான் தம்பி" என்று அடித்துச் சொல்லியிருந்தார். இது 2019இல். அன்றிலிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட் வீட்டுக்குப் பின்னால் ஒவ்வோர் அடையிலும் குஞ்சுகளின் காலில் கலர் கேபிள் டையைத் தளர்வாக மாட்டி, நோட்டில் என் ஊகத்தை எழுதி, பிறகு சரிபார்த்து வருகிறேன். கால் பருக்கப் பருக்க டையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கிப் புண்ணாக்கிவிடும்.

கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பது தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்தே அம்மாவின் கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா நூலில் ஊசி கட்டிக் குஞ்சின் மேல் தொங்கவிடுவார். இரண்டுக்கும் பதிலாகக் காசைச் சுண்டிப் பார்க்கலாம். ஒரே கோழி ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் இடுகிறது, அதிலேயே சேவலும் வருகிறது பெட்டையும் வருகிறது என்றேன். "உனக்கு முட்டை பார்க்கத் தெரியலடா" என்றார் அம்மா.

பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சின் செட்டை இறகைப் பார்த்துச் சொல்வது பொய்யில்லை. ஆனால் இறகு மெதுவாக முளைக்கும் தாயையும் சீக்கிரம் முளைக்கும் சேவலையும் பார்த்துச் சேர்க்கும் பண்ணைகளுக்குத்தான் அது சரி. நம் கம்பத்து (கிராமத்து) நாட்டுக் கோழியில் எது எதோடு கலந்தது என்று யாருக்குத் தெரியும்? பின்பக்கத்தை விரித்துப் பார்ப்பது 1920களில் ஜப்பானில் மசுயி, ஹஷிமோட்டோ என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த முறை. பழகாத கை பட்டால் குஞ்சு செத்துப்போகும். ஒரே தடவை எடுத்துப் பார்த்தேன், கையெல்லாம் எச்சம். அதோடு சரி.

எனக்குக் கைகொடுத்தது கொண்டைதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை பெருத்துச் சிவக்கும், தாடியும் எட்டிப் பார்க்கும். வெடைக்கு, அதாவது இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைக்கு, அது வெளிறிய மஞ்சளாகச் சின்னதாகவே நிற்கும். ஒரே அடைக் குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து மாதம் ஆகிவிட்டால், முட்டையிடப் போகும் வெடைக்கும் கொண்டை சிவக்கும், அப்போது இதை நம்பக் கூடாது. சண்டைக்கோழி ரத்தம் கலந்தவற்றுக்குக் கொண்டையே அமுங்கித்தான் இருக்கும். அவற்றில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். மூன்று மாதம் பொறுத்து, வாலுக்கு முன்னால் இடுப்பு இறகைப் பார்க்க வேண்டும். நீண்டு கூர்மையாகப் பளபளத்தால் சேவல், நுனி உருண்டிருந்தால் வெடை.

பொரித்த அன்றே தெரிய வேண்டுமா? வரி போட்ட பிளிமத் ராக் இனப் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவலைச் சேருங்கள். தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லையென்றால் வெடை. ஜோடியை மாற்றிச் சேர்த்தால் பலிக்காது. அந்தக் குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே சேர்த்தாலும் பொட்டை நம்ப முடியாது.

அதற்காகச் சேவல் வீண் என்று நினைக்காதீர்கள். முனியாண்டி படையல் நெருங்கினால் வீடு தேடி வந்து வாங்கிப்போகிறார்கள்.

இப்போதைய அடையில் ஒன்பது குஞ்சு. பச்சை டை போட்டது மட்டும் பத்து வாரமாகியும் பிடிகொடுக்கவில்லை. அம்மா சேவல் என்கிறார், நான் வெடை என்று எழுதியிருக்கிறேன்.