நம்புவதா, இன்னொருவரைக் கேட்பதா, பொறுத்திருப்பதா? பல் மருத்துவர் சொல்லும் சிகிச்சையை எடைபோடும் வழிகள்

பல்லைச் சுத்தம் செய்துகொள்ளத்தான் போயிருப்போம். வலி எதுவும் இருக்காது. "நான்கு பல்லில் சொத்தை இருக்கிறது, அதில் இரண்டுக்கு ரூட் கேனல் செய்து கேப் போட வேண்டும்" என்று, அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைத்துவிட்டு மேலே உறை போட வேண்டும் என்று, மருத்துவர் சொன்னதும் சந்தேகம் தலைதூக்கும். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நோயைக் கண்டுபிடிப்பவர், சிகிச்சையை முடிவு செய்பவர், அதைச் செய்து கட்டணம் வாங்குபவர் எல்லாம் இங்கே ஒருவரே. குடைந்து அடைத்த பிறகு, அந்தப் பல்லுக்கு அது தேவைப்பட்டதா என்று சரிபார்க்கவும் வழியில்லை. ஆதாரமும் சொத்தையோடு போய்விடுகிறது.

பழகிய மருத்துவர் சொன்னதை அப்படியே ஏற்பது

இதற்கு ஒரு பலம் உண்டு, ஆனால் பலரும் நினைப்பது போல அது மருத்துவரின் கனிவில் இல்லை. அவரிடம் இருக்கும் உங்கள் பழைய எக்ஸ்ரேக்களில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக அளவு மாறாமல் இருக்கும் ஒரு நிழல் பெரும்பாலும் நின்றுபோன சொத்தை. ஓராண்டில் இரட்டிப்பானது அப்படியல்ல. முதன்முறை பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

கனிவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் நடந்த ஒரு கள ஆய்வைச் சொல்லலாம். சிகிச்சை தேவைப்படாத ஒருவரை 180 பல் மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். நான்கில் ஒருவருக்கும் மேலானோர் தேவையற்ற சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள். நோயாளிகள் குறைவாக வந்துகொண்டிருந்த மருத்துவமனைகளில் இது கூடுதலாக இருந்தது. அதே ஆள் வசதியானவராகத் தோன்றியபோது இருந்ததைவிட அப்படித் தோன்றாதபோதே அதிகம் பரிந்துரைத்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

இரண்டாவது மருத்துவரிடம் போவது

பெரும்பாலோர் செய்வது இதுதான், பெரும்பாலும் தவறாகச் செய்கிறோம். "அவர் ரூட் கேனல் என்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் கேள்வியிலேயே பதிலைக் கொடுத்துவிடுகிறோம். எக்ஸ்ரேயை மட்டும் கொடுங்கள். முதல் மருத்துவரின் முடிவைச் சொல்லாதீர்கள்.

அப்படிச் செய்தாலும் ஒரே விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 1997-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் வாயை 50 பல் மருத்துவர்களிடம் காட்டினார். சொல்லப்பட்ட செலவுகளில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் ஏறத்தாழ 60 மடங்கு இடைவெளி. இதை முழுக்க மோசடி என்று தள்ளிவிட முடியாது. இரண்டு கடைவாய்ப் பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தை எக்ஸ்ரேயில் பாருங்கள். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் வெண்மையாகத் தெரியும். அதன் ஓரத்தில் சின்னஞ்சிறு முக்கோணமாக ஒரு கருமை இருந்தால் அது தொடக்கநிலைச் சொத்தை. அது எனாமலைத் தாண்டி, அதற்கு அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்குக்குள் போய்விட்டதா, விளிம்பிலேயே நிற்கிறதா என்பதில் நேர்மையான இரண்டு மருத்துவர்களுக்கே கருத்து வேறுபடும்.

இரண்டு விடைகள் கிடைத்தால் நாம் செலவு குறைந்ததைப் பிடித்துக்கொள்கிறோம். அதுவே சரியான விடை என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆகவே ஒரு சிறிய அடைப்புக்காக ஊரெல்லாம் அலைவதில் எனக்கு உடன்பாடில்லை. பல்லைப் பிடுங்குவது, வலியில்லாத பல்லுக்கு ரூட் கேனல், வரிசையாகப் பல பற்களைத் தேய்த்து கேப் போடுவது என்று திரும்பப் பெற முடியாத வேலை எதுவானாலும் இன்னொருவரைக் கட்டாயம் கேளுங்கள். தேய்த்த எனாமல் மறுபடி வளராது.

ஆதாரத்தைக் காட்டச் சொல்வது

என் ஓட்டு இதற்குத்தான். எந்தப் பல், அதன் எந்தப் பக்கம், எக்ஸ்ரேயில் எங்கே தெரிகிறது? ஆறு மாதம் விட்டுவைத்தால் என்ன ஆகும்? ரூட் கேனல் என்றால் நரம்பைச் சோதித்தீர்களா? குளிர்ச்சியான பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. கூச்சம் உடனே அடங்கினால் நரம்பு பெரும்பாலும் தேறக்கூடியது. குளிர்ச்சியை எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால் நரம்பு மீள முடியாத அளவுக்கு அழன்றிருக்கலாம். எதுவுமே தெரியாவிட்டால் இறந்திருக்கலாம். ஈறுக்கு ஆழமான சுத்தம் தேவை என்றால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கின் ஆழத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். 1 முதல் 3 வரை இயல்பு. 4-உம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியவை.

இணையத்தில் படித்ததை அவர் முன் ஒப்பிப்பது வேறு. சூரிச் ஆய்வில் தகவல் தெரிந்தவராகக் காட்டிக்கொண்டதால் தேவையற்ற பரிந்துரைகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நமக்குத் தெரியும் என்று காட்டுவதால் பயனில்லை, அவருக்கு என்ன தெரிகிறது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். நேர்மையான மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை. திரையைத் திருப்பிக் காட்டுவார்.

பொறுத்திருப்பது

எனாமலோடு நிற்கும் சொத்தையைக் குடையாமலே நிறுத்தலாம், சில நேரம் அது மீண்டும் கெட்டிப்படவும் செய்யும். ஃபுளோரைடு பற்பசை, தேவைப்பட்டால் மருத்துவர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், இனிப்பைத் தொடும் தடவைகளைக் குறைப்பது, குறித்த காலத்தில் மறு எக்ஸ்ரே. முழுதாக வெளிவராமல், வலியோ நோயோ இல்லாமல் கிடக்கும் ஞானப்பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்பதற்கும் போதிய சான்று இல்லை. அவசரமாக ஒருமுறை அடைத்த பல் வாழ்நாள் முழுக்க வேலை வைக்கும். அடைப்பு பழுதாகும், மாற்றுவார்கள், ஒவ்வொரு முறையும் குழி கொஞ்சம் பெரிதாகும்.

ஆனால் பொறுப்பதாகச் சொல்லிக்கொண்டு மறு எக்ஸ்ரேக்குப் போகாமல் இருப்பது வெறும் புறக்கணிப்பு. குழி விழுந்துவிட்டால் பற்பசையால் அது மூடாது. இரவில் தானாகத் தெறிக்கும் வலிக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் சிரமமானாலோ எந்த ஒப்பீட்டுக்கும் நேரமில்லை, அன்றே போக வேண்டும். பல நாள் படுத்திய வலி திடீரென நின்றுபோவதை நான் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல்லின் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும், வேரின் நுனியில் சீழ் சேர்ந்துகொண்டே இருக்கும்.