கடற்கரை நடையா, ட்ரெட்மில்லா, நீச்சலா: ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் டாக்டர் "உடம்பை அசைக்கணும்" என்று சொன்னால், வழக்கமாக மூன்று வழிகள் முன்னால் வரும். பின்னறையில் ஒரு ட்ரெட்மில், ஏதாவது ஒரு பொது நீச்சல் குளம், இல்லாவிட்டால் கடற்கரை நடைபாதை. நான் கடற்கரையை எடுத்துக்கொண்டவள், அதனால் இது நடுநிலை அலசல் இல்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இதயத்துக்கு நல்லது, சர்க்கரை கட்டுப்படும், தூக்கம் வரும் என்பதெல்லாம் மூன்றுக்கும் பொது. என் கவலை உடம்புக்குள் சத்தம் போடாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் (இன்ஃப்ளமேஷன்), அதோடு சேர்த்துப் பேசப்படும் புற்றுநோய் ஆபத்தும்தான்.

மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏறக்குறைய கைவிட்டுவிடுகிறது, ஆனால் கொழுப்புத் திசு அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் ரத்தத்தில் விடும். அதன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் புரதம்தான் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்க்கும் சி.ஆர்.பி. இந்த அழற்சி, கூடுதல் ஈஸ்ட்ரோஜன், கூடுதல் இன்சுலின் எல்லாம் சேர்ந்துதான் மார்பகம், கருப்பை உட்சுவர், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு வழி செய்து கொடுக்கின்றன என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. சுறுசுறுப்பாக இருக்கும் பெண்களிடம் இந்த மூன்று புற்றுநோய்களுமே குறைவாக வருவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் நடந்த ஒரு சோதனைதான் என் முடிவை உறுதி செய்தது. 50 முதல் 74 வயது வரை, மாதவிடாய் நின்றவர்கள், உட்கார்ந்தே பழகியவர்கள், மொத்தம் 320 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் 5 நாள், நாளுக்கு 45 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி. மறுபாதி வழக்கம்போல. ஒரு வருடம் கழித்துப் பயிற்சி செய்தவர்களின் சி.ஆர்.பி. இறங்கியிருந்தது. இன்டர்லூக்கின்-6 அசையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் அடிக்கோடு போட்டுக்கொண்ட இடம் வேறு: யார் சொன்னபடி விடாமல் செய்தார்களோ, அவர்களுக்கு சி.ஆர்.பி. அதிகம் இறங்கியது. அப்படியானால் எந்தப் பயிற்சி சிறந்தது என்று கேட்பதைவிட, ஒரு வருடம் கழிந்தும் எதைச் செய்துகொண்டிருப்போம் என்று கேட்பதுதான் சரி.

ட்ரெட்மில்லை இந்தக் கேள்வியோடு நிறுத்திப் பாருங்கள். மழைக்குக் கவலை இல்லை, பயமும் இல்லை, வேகத்தை எண்ணால் வைத்துக்கொள்ளலாம். சாட்ஸ்வர்த்தில் என் நாத்தனார் வீட்டில் ஒன்று இருக்கிறது. கடல் காற்றின் ஈரத்தில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துவிட்டன. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும், சாவி போட்டுத் திருகி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அடியில் சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எந்த நேரத்தில் ஓடும் என்றே தெரியாது. மின்சாரம் திரும்பியபோது அதன் கைப்பிடியில் பாவாடைகளும் துண்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் காய்கின்றன.

நீச்சலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அதுதான் நல்லது என்று தோன்றுகிறது, தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளுமே. ஆனால் நான் போய்ப் பார்த்த குளம் பழுது என்று மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கடலில் இறங்கலாம் என்றால், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடைக் கிருமிகளால் கடற்கரைகளில் குளிக்கவே தடை போட்டார்கள். நம் கையில் இல்லாத காரணங்களால் நின்றுபோகும் பயிற்சி இது.

நடைபாதை அப்படி இல்லை. ஊஷாகா கடல் பூங்கா பக்கமிருந்து உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன் வரை மேடு பள்ளம் இல்லாமல் நீள்கிறது. எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். வேகத்துக்கு மீட்டர் தேவையில்லை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பராமரிப்பு என்றால் ஒரு ஜோடி ஷூ, அப்புறம் பெட்ரோல். பெட்ரோலுக்காகத்தான் நாங்கள் ஒரே காரில் போக ஆரம்பித்தோம், அதுவே பெரிய உதவியாகிவிட்டது. ஒருத்தி வராவிட்டால் "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று மற்றவர்கள் போன் போட்டுவிடுவார்கள். அந்தப் போனுக்குப் பயந்தே கிளம்பிய காலைகள் உண்டு. சனிக்கிழமை நார்த் பீச்சில் பார்க்ரன் என்ற கூட்டு ஓட்டம், 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, கடைசி ஆளோடு கூடவே நடந்து வர ஒரு தன்னார்வலர் இருப்பார்.

குறைகளும் இருக்கின்றன. இங்கே கோடையான ஜனவரியின் புழுக்கத்தில் ஏழு மணிக்கே ரவிக்கை நனைந்துவிடும். குளிர்காலத்தில் விடியத் தாமதமாகும், இருட்டில் தனியாக நடக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். அந்த ஆல்பர்ட்டா சோதனை அளந்தது ரத்தத்தில் இருந்ததைத்தான், யாருக்குப் புற்றுநோய் வந்தது என்பதை இல்லை. சி.ஆர்.பி. இறங்கினால் ஆபத்தும் அதே அளவு இறங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. மார்பகப் பரிசோதனையை விட்டுவிடவும் இது சாக்கு ஆகாது.

இரண்டாவது என் கட்சிக்கே எதிரானது. அமெரிக்காவின் சியாட்டிலில் உடல் எடை கூடிய 439 பெண்களை வைத்துச் செய்த சோதனையில், உணவைக் குறைத்து எடை இறக்கியவர்களுக்கு சி.ஆர்.பி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உணவும் பயிற்சியும் சேர்த்தவர்களுக்கும் நன்றாகவே இறங்கியது. பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆகவே சனிக்கிழமை நடந்து முடித்ததும் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) கடைக்குப் போகும் எங்கள் வழக்கம் இப்போது விவாதத்தில் இருக்கிறது. ஆளுக்கொரு கால் ரொட்டி என்பது இரண்டு பேருக்கு ஒன்று என்ற இடம் வரை வந்திருக்கிறோம். அதற்கு மேல் இறங்க நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.