சிடைப்.எச்: பதினெட்டு வருஷம் கூடவே இருக்கும் ஒரு சின்ன ஹெடர் ஃபைல்

எடை மேடைக்கு வரும் லாரியின் நம்பரை எல்லோரும் ஒரே மாதிரி அடிக்க மாட்டார்கள். ஒருவர் டிஎன்-38 என்று நடுவில் கோடு போடுவார். இன்னொருவர் இரண்டு ஸ்பேஸ் விடுவார். அடுத்த ஷிஃப்ட்டில் உட்காருபவர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடிப்பார். மூன்றும் ஒரே லாரிதான் என்று, எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டிக்குப் புரிய வைக்க வேண்டும். கோயம்புத்தூரில் எடை மேடைப் பெட்டிகளுக்கு ஃபார்ம்வேர் (பெட்டிக்குள்ளேயே ஓடும் புரோகிராம்) எழுதும் வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை அது. ஏழு வரி வந்தது. ஒவ்வொரு கேரக்டராக எடுத்து, இஸ்ஆல்நம் (எழுத்தா எண்ணா என்று பார்ப்பது) ஆமென்றால் டுஅப்பர் (பெரிய எழுத்தாக்குவது) போட்டு வைத்துக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு. பதினெட்டு வருஷம் ஆகிறது, அந்த ஏழு வரியில் ஒரே ஒரு சொல்தான் பிறகு சேர்ந்தது. அந்தச் சொல் எப்படிச் சேர்ந்தது என்பதற்காகவே இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

அந்த இரண்டு ஃபங்ஷனும் வருவது சிடைப்.எச் (ctype.h) என்ற, சி மொழியோடு வரும் ஹெடர் ஃபைலிலிருந்து. ஒரு கேரக்டர் எந்த வகை என்று சொல்வதே அதன் வேலை. இது காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை. சி கம்பைலர் எங்கே இருக்கிறதோ அங்கே இதுவும் இருக்கும். ஆனாலும் தினமும் கையில் எடுக்கும் கருவி என்பதால், ஸ்குரூ டிரைவரைப் பற்றிப் பேசுவது போலவே இதைப் பற்றியும் பேசலாம் என்று நினைக்கிறேன். 1989-இல் வந்த சி மொழி ஸ்டாண்டர்டில் 13 ஃபங்ஷன்கள் இருந்தன. 1999-இல் இஸ்பிளாங்க் சேர்ந்து 14 ஆனது. 12 ஃபங்ஷன்கள் கேள்வி கேட்பவை: இது எழுத்தா, எண்ணா, இடைவெளியா, நிறுத்தக்குறியா? மீதி இரண்டும் மாற்றித் தருபவை: டுஅப்பர், டுலோயர். அவ்வளவுதான். ஒரு மத்தியான நேரத்தில் மொத்தத்தையும் கற்றுக்கொள்ளலாம்.

எனக்குத் தினமும் உதவுவது ஐந்தாறுதான். எடை மெஷினிலிருந்து வரும் வரியில் முன்னால் இருக்கும் வெற்றிடத்தைத் தாண்ட இஸ்ஸ்பேஸ். அது வெறும் ஸ்பேஸை மட்டும் பார்ப்பதில்லை. டேப், புது வரி, கேரேஜ் ரிட்டர்ன் எல்லாம் சேர்த்து ஆறு கேரக்டர்களுக்கு ஆமென்று சொல்லும். எடையை எண்ணாக்க இஸ்டிஜிட். மோட்பஸ் ஆஸ்கி (தொழிற்சாலைக் கருவிகள் ஹெக்ஸ் இலக்கங்களில் பேசிக்கொள்ளும் முறை) வடிவத்தில் டேட்டா வந்தால் இஸ்எக்ஸ்டிஜிட். சீரியல் கேபிளில் குப்பை வருகிறதா என்று பார்க்கும்போது இஸ்பிரிண்ட்: ஆஸ்கியில் (ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் தரும் பட்டியல்) 32 முதல் 126 வரையுள்ள 95 கேரக்டர்களுக்கு மட்டும் ஆமென்னும், மற்றதற்கெல்லாம் நான் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். மோட்டார் பக்கத்தில் கேபிள் இழுத்திருந்தால் திரை முழுக்கப் புள்ளியாக வரும். அதைப் பார்த்தே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன். இஸ்கிராஃப், இஸ்பங்க்ட் இரண்டையும் வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டால் அதிகம்.

இதையெல்லாம் நாமே ஒரு ஒப்பீடு போட்டு எழுதிவிடலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பெரிய ஏ முதல் பெரிய இசட் வரை என்று ஒரு கண்டிஷன் போதாதா? ஆஸ்கியில் போதும். ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் எப்சிடிக் குறியீட்டில் போதாது. அங்கே பெரிய ஐ-க்கு எண் 201, அடுத்த எழுத்தான ஜே-க்கு 209. நடுவில் ஏழு இடம் ஆங்கில எழுத்தே இல்லாமல் கிடக்கும். ஆர்-க்கும் எஸ்-க்கும் நடுவிலும் அப்படித்தான். இஸ்அப்பர் என்று எழுதிவிட்டால் அந்தக் கவலை நம் தலையில் இல்லை. கோடைப் படிக்கிறவருக்கும் நாம் என்ன கேட்கிறோம் என்பது ஒரே சொல்லில் தெரிந்துவிடும். எனக்கு இரண்டாவது காரணமே பெரிது.

உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தபோதுதான் இதன் மேல் எனக்கு மரியாதை கூடியது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு எண் வைத்த டேபிளாக இருந்தது. இன்றும் பல லைப்ரரிகளில் அப்படித்தான். லினக்ஸில் இருக்கும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிசியில் பெரிய ஏ-க்கு நேரே அந்த டேபிளில் இருக்கும் எண் 54536. பிரித்துப் பார்த்தால் 256 (பெரிய எழுத்து), 1024 (எழுத்து), 4096 (ஹெக்ஸ் இலக்கம்), 16384 (அச்சாகும்), 32768 (கண்ணுக்குத் தெரியும்), 8 (எழுத்து அல்லது எண்). ஒரு எழுத்தின் ஜாதகம் முழுக்க 16 பிட்டில் அடங்கிவிடுகிறது. இஸ்ஆல்ஃபா என்று கேட்டால் அந்த எண்ணை எடுத்து 1024-உடன் ஒரு ஆண்ட் ஆபரேஷன் (இரண்டு எண்ணிலும் 1 ஆக இருக்கும் பிட்டை மட்டும் எடுப்பது) செய்து அப்படியே திருப்பித் தரும். வேறு கணக்கே இல்லை.

ஆகவே ஆமென்பதற்கு இது 1 தரும் என்று நம்பக்கூடாது. பூஜ்யம் இல்லாத ஏதோ ஒன்று என்றுதான் ஸ்டாண்டர்ட் வாக்குக் கொடுக்கிறது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், லாரி நம்பரில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ண, இஸ்ஆல்ஃபா தருவதையெல்லாம் கூட்டிக்கொண்டே போனான். நான்கு எழுத்துக்கு 4096 வந்தது. "அக்கா, மெமரி கரப்ட் ஆயிடுச்சு போல" என்று பதறிப்போய் வந்தான். நான்கை 1024-ஆல் பெருக்கிக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று மத்தியானம் முழுக்க மற்ற ஃபங்ஷன்கள் என்னென்ன தருகின்றன என்று பிரிண்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி குறைக்கு வருகிறேன்.

ஈரோடு பக்கம் ஒரு எடை மேடை. மஞ்சள், நெல், பருத்தி, தேங்காய், கொப்பரை எல்லாம் அங்கே வரும். சரக்குப் பெயர்கள் தமிழில் வேண்டும் என்று கேட்டார்கள். பெட்டியில் யூடிஎஃப்-8-ஆக (தமிழ் எழுத்தைப் பல பைட்டுகளாக வைக்கும் முறை) சேமித்து, பிசிக்கு அனுப்பி, ரசீது அடிக்கும்படி செய்து கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து உரிமையாளர் ஃபோன் செய்தார். "ஏனுங்கம்மா, ரசீதுல மஞ்சள்னு வரமாட்டேங்குது, மஞ்சளன்னு வருதுங்க. பக்கத்துல ஒரு கட்டம் வேற." நெல்லும் நெல-வாகி ஒரு கட்டத்தோடு வந்தது. தேங்காயும் அப்படியே. ஆனால் பருத்தியும் கொப்பரையும் சுத்தமாக இருந்தன.

இரண்டு நாள் தேடினேன். ஃபான்ட் மேல் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் ஐந்து ரசீதையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. கெட்டுப்போன மூன்று பெயரும் மெய்யெழுத்தில் முடிகின்றன. புள்ளிதான் காணாமல் போகிறது.

யூடிஎஃப்-8-இல் புள்ளிக்கு மூன்று பைட்: 224, 175, 141. பெயரின் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை வெட்ட நான் எழுதியிருந்த ஃபங்ஷன், கடைசி பைட்டை எடுத்து இஸ்ஸ்பேஸிடம் கேட்கும். அந்தப் பெட்டியின் கம்பைலரில் கேரக்டர் டைப் சைன்ட், அதாவது 127-க்கு மேற்பட்ட பைட்டை மைனஸ் எண்ணாகப் படிக்கும். அதனால் 141 போகவில்லை, -115 போனது. லைப்ரரி டேபிள் -1-இல் தொடங்கி 255-இல் முடிகிறது. -115 என்றால் டேபிளுக்கு வெளியே, அதற்கு முன்னால் மெமரியில் இருக்கும் வேறு ஏதோ டேட்டா. அங்கே இருந்த பைட்டில் இடைவெளிக்கான பிட் தற்செயலாக ஒன்றாக இருந்திருக்கிறது. இடைவெளி என்று பதில் வந்தது, என் ஃபங்ஷன் வெட்டிவிட்டது. அடுத்த பைட் 175, அதாவது -81. அங்கே அந்தப் பிட் இல்லை, வெட்டு நின்றது. மீதியிருந்த 224, 175 இரண்டும் எந்த எழுத்தும் ஆகாமல் கட்டமாக அச்சானது. பருத்தியின் கடைசி பைட் 191, கொப்பரையின் கடைசி பைட் 136. அவற்றுக்கான இடத்தில் அந்தப் பிட் இல்லாததால் தப்பித்தன.

என்னை உறுத்தியது டெஸ்டில் ஏன் இது வரவில்லை என்பதே. ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அதில் ஓடும் ஆர்ம் லினக்ஸில் கேரக்டர் டைப் இயல்பாகவே அன்சைன்ட் (மைனஸ் எண் கிடையாது), 141 என்பது 141-ஆகவே போகும். பிசியில் ஓட்டிப் பார்த்திருந்தேன்; அங்கே சைன்ட்தான், ஆனால் ஜிலிப்சி இந்தத் தவறு பரவலாக நடக்கும் என்று தெரிந்தே டேபிளை -128 வரை நீட்டி 384 இடமாக வைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் என் பிழை மன்னிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான பதிப்பில்) ஓட்டியிருந்தால், எண் -1-க்கும் 255-க்கும் இடையில் இல்லை என்று முதல் நாளே நிறுத்தியிருக்கும். அந்தக் கண்டிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

சரிசெய்ய ஒரு சொல் போதும்: கூப்பிடுவதற்கு முன் அன்சைன்ட் கேரக்டர் என்று கேஸ்ட் (டைப் மாற்றம்). அந்த ஏழு வரியில் பிறகு சேர்ந்ததும் அதுதான். ஸ்டாண்டர்ட் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: கொடுக்கும் மதிப்பு அன்சைன்ட் கேரக்டரில் அடங்க வேண்டும், அல்லது இஓஎஃப் (ஃபைல் முடிவைக் குறிக்கும் மதிப்பு) ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செர்ட் சி என்ற பாதுகாப்பான கோடிங் விதிகளில் எஸ்டிஆர்37 இதற்காகவே இருக்கிறது. தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கேரக்டருக்கான ஃபங்ஷனுக்குக் கேரக்டரையே நேராகக் கொடுக்கக்கூடாது என்பது கற்றுக்கொடுக்கும் இடத்திலேயே சொல்லப்பட வேண்டிய விஷயம். நான் படித்த லேபில் யாரும் சொல்லவில்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று நான் நிறுத்துவது இந்த ஒரு காரணத்துக்காக.

கேஸ்ட் போட்டுவிட்டால் சிடைப்.எச் தமிழ் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் பார்க்கும். மஞ்சள் என்று நாம் நான்கு எழுத்தாகப் படிப்பதை யூனிகோட் ஆறு குறியீடாக வைத்திருக்கிறது, யூடிஎஃப்-8-இல் 18 பைட். தனியே ஒரு பைட்டை எடுத்து எழுத்தா என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை. லொக்கேலை (மொழி, நாடு சார்ந்த செட்டிங்) மாற்றினால் இன்னும் சிக்கல். மேக் கம்ப்யூட்டர்களில் யூடிஎஃப்-8 லொக்கேலில் 133 என்ற பைட்டை இஸ்ஸ்பேஸ் இடைவெளி என்று சொல்வது பலருக்கும் அனுபவம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்கூட 2023-இல் அதன் ஹெச்ஸ்டோர் பகுதியில் இதற்காகத் திருத்தம் செய்தது. நம் அகர வரிசையின் முதல் எழுத்தான அ-வின் மூன்றாவது பைட் 133 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பெட்டிகளில் லொக்கேலைத் தொடுவதே இல்லை. இயல்பான சி லொக்கேலிலேயே விட்டுவிடுகிறேன்.

ஒரு பைட்டில் அடங்காத அகலக் கேரக்டர்களுக்கு டபிள்யூசிடைப்.எச் என்று தம்பி ஒருவன் இருக்கிறான், 1995 திருத்தத்தில் வந்தவன். அவனும் ஒரு நேரத்தில் ஒரு யூனிகோட் குறியீட்டைத்தான் பார்ப்பான். ள-வும் புள்ளியும் சேர்ந்தது ஒரு எழுத்து என்று அவனுக்குத் தெரியாது. பிசி பக்கம் எழுத்து எண்ண வேண்டிய இடத்தில் நாங்கள் ஐசியு என்ற யூனிகோட் லைப்ரரிக்குப் போய்விட்டோம். லாரி நம்பர், எடை, போர்ட் செட்டிங், கட்டளை வரி என்று ஆங்கிலமும் எண்ணும் மட்டும் வரும் எல்லா இடத்திலும் சிடைப்.எச் அப்படியே இருக்கிறது. எடுக்கும் யோசனையும் இல்லை.

இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் புராஜெக்டை ஒரே ஒரு தடவை, சின்னப் பெட்டிகளுக்கான நியூலிப் என்ற சி லைப்ரரியோடு, ஜிசிசி கம்பைலரில் டபிள்யூ-ஆல் (வார்னிங் காட்டச் சொல்லும் ஆப்ஷன்) போட்டு கம்பைல் செய்து பாருங்கள். அதன் சிடைப்.எச்-இல் மேக்ரோக்களை வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள்: வெறும் கேரக்டரை நேராகக் கொடுத்தால், அரே இண்டெக்ஸ் கேரக்டர் டைப்பில் இருக்கிறது என்று வார்னிங் வரும். ஈரோட்டுக்குப் புது ஃபார்ம்வேர் அனுப்பிய மறுநாள் எங்கள் மொத்தக் கோடையும் அதில் போட்டேன். 31 இடத்தில் வார்னிங் வந்தது. அதில் 26 நான் எழுதியது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் கேஸ்ட் போட்டாயிற்று. அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தான்.