கோடையில் வீட்டுப் பீட்சா: கல்லா, எஃகுத் தட்டா, வாணலியா?

வீட்டு ஓவனில் பீட்சா சுடுவதற்காகக் கார்டியரைட் எனும், சூடு தாங்கும் பீங்கான் வகைக் கல், எஃகுத் தட்டு, வார்ப்பிரும்பு வாணலி ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். குளிர்காலத்தில் எதைக் கொண்டு சுட்டாலும் குறையொன்றும் பெரிதாகத் தெரிவதில்லை. கோடை வந்துவிட்டால், பீட்சா எப்படி வரும் என்பதோடு, அது வேகும்வரை அடுக்களையில் நிற்க முடியுமா என்பதும் கேள்வியாகிவிடுகிறது. வெயில் காலத்துக்கு வாணலிதான் ஏற்றது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், எந்தப் பாத்திரத்தை வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாத மாவுச் சிக்கலையும் இங்கே எழுதுகிறேன்.

நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்புகள் 450 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் இயங்குவதால், அங்கே ஒரு பீட்சா 60 முதல் 90 வினாடிகளுக்குள் வெந்துவிடுகிறது. வீட்டு ஓவன்கள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கல்லும் எஃகுத் தட்டும் பயன்படுகின்றன: முன்கூட்டியே சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மாவு மேலே விழுந்ததும் அதை அடிப்பாகத்துக்குக் கொடுக்கின்றன. ஆனால் அந்தச் சூடு சேர்வதற்கு நேரம் பிடிக்கிறது. நான் வாங்கிய கல்லோடு வந்த குறிப்புத்தாள் இருபது நிமிடம் போதும் என்றது. பரப்பு வெப்பமானியை வைத்துப் பார்த்தால், உருப்படியான சூடு ஏற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை நேரமும் ஓவன் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக அடுக்களைக்குள்தான் வந்து சேர்கிறது. எஃகு கல்லைவிடப் பன்மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் அடிப்பாகம் நன்றாகச் சிவக்கிறது. முன்சூட்டுக்கான நேரம் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை.

வாணலியில் இந்தக் காத்திருப்பு இல்லை. தட்டையான அடி கொண்ட 25 சென்டிமீட்டர் வாணலியை எண்ணெய் விடாமல் அடுப்பில் எட்டு, பத்து நிமிடம் காய வைத்து, அதே நேரத்தில் ஓவனுக்குள் மேற்புறம் இருந்து சூடு தரும் கிரிலையும் சூடாக்கிக்கொள்கிறேன். விரித்த மாவை வாணலியில் இட்டு, சாஸையும் சீஸையும் விரைவாகப் பரப்பி, அடிப்பாகம் இறுகும்வரை ஓரிரு நிமிடம் அடுப்பிலேயே விட்டு, பிறகு கிரிலுக்குக் கீழே மூன்று, நான்கு நிமிடம் வைத்தால் விளிம்பு உப்பிக் கரும்புள்ளிகளோடு வந்துவிடும். கல்லில் சுட்டதற்கும் இதற்கும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் என்னால் வேறுபாடு சொல்ல முடியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பீட்சாதான். விளிம்புச் சுவர் இருப்பதால் மாவை நேராகச் சறுக்கி இறக்க முடியாது. இரு கைகளாலும் தூக்கி நடுவில் விட வேண்டும், ஒரு பக்கம் மடிந்துவிட்டால் சூடான இரும்பின் மேல் அதைச் சரிசெய்வது விரலுக்கு நல்லதல்ல. தக்காளிப் புளிப்பு வழிந்து இரும்பில் பட்டால், பழக்கிய எண்ணெய்ப் பூச்சு அந்த இடத்தில் வெளுத்துவிடும். கழுவியதும் அடுப்பில் உலர்த்தி, சொட்டு எண்ணெய் தேய்த்து வைத்தால் மீண்டும் படிந்துவிடுகிறது. பிடியும் அதே இரும்பு என்பதால், தடித்த, உலர்ந்த துணி கட்டாயம் தேவை. ஈரத்துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

இனி மாவு. கோடைப் பீட்சா கெடுவது பெரும்பாலும் இங்கேதான், ஓவனில் அல்ல. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. மிதமான நாளில் மாலைவரை தாங்கும் மாவு, வெயில் நாளில் மதியத்துக்குள் பொங்கித் தளர்ந்துவிடும். அப்படிப் புளித்த மாவை விரித்தால் கிழியும். அதிலிருந்த சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிட்டதால் எவ்வளவு சுட்டாலும் சிவக்காமல் வெளிறியே இருக்கும். எனவே பிசைந்து முடித்த மாவு 24 டிகிரி அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். கையால் பிசைபவர்களுக்குக் கணக்கு எளிது: 24ஐ மூன்றால் பெருக்கி, வரும் 72இலிருந்து பிசையாத உலர் மாவின் வெப்பநிலையையும் அறையின் வெப்பநிலையையும் கழித்தால் தண்ணீரின் வெப்பநிலை கிடைக்கும். உலர் மாவு 33, அறை 34 என்றால் தண்ணீர் 5 டிகிரியில் இருக்க வேண்டும். அதாவது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்ற வேண்டும். மிக்ஸரில் பிசைந்தால் உராய்வுச் சூடும் சேர்வதால் தண்ணீரில் ஐஸ் போட வேண்டியிருக்கும்.

என் அளவு: மாவு 500 கிராம், தண்ணீர் 315 கிராம், உப்பு 13 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம். இதில் 25 சென்டிமீட்டர் வாணலிக்குப் பொருத்தமான நான்கு உருண்டைகள் கிடைக்கும். பிசைந்த மாவை அரை மணி நேரம் மட்டும் வெளியே விட்டு, உருட்டி, மூடியுள்ள டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை அங்கே மெதுவாகப் புளிப்பதால் மணமும் கூடுகிறது, வெளி வெயிலுக்கும் மாவுக்கும் தொடர்பில்லாமல் போகிறது. குளிர்காலத்தில் சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுக்க வேண்டிய மாவுக்கு, கோடையில் அரை மணி முதல் முக்கால் மணி போதும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி தயங்கித் தயங்கி மேலெழ வேண்டும். சட்டென்று எழுந்தால் மாவு இன்னும் தயாராகவில்லை. குழி அப்படியே நின்றுவிட்டால் உடனே சுட்டுவிடுவது நல்லது.

சாஸுக்கு அடுப்பே தேவையில்லை. பழுத்த தக்காளியைக் கையால் பிசைந்து, வடிகட்டியில் நீரை இறுத்து, உப்பு மட்டும் சேர்த்தால் போதும். வெந்த சாஸைவிட இதுவே எனக்குப் பிடிக்கிறது. புதிய மொசரெல்லாவையும் பிய்த்து, வடிகட்டியில் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து நீரை வடித்துவிட வேண்டும், இல்லையேல் பீட்சாவின் நடுவில் குளம் கட்டும். துருவிய சீஸ் வெளிச்சூட்டில் கட்டிதட்டும் என்பதால் கடைசி நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும். பேசில் இலைகளைச் சுட்ட பிறகு தூவலாம். கிரிலுக்குக் கீழே அவை கருகிவிடும்.

ஒரே வேளையில் ஐந்தாறு பேருக்குச் சுட வேண்டிய வீட்டுக்கு வாணலியைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தடுத்துச் சுடும்போது எஃகுத் தட்டு சூட்டை விரைவில் மீட்டுக்கொள்கிறது. எப்படியும் ஓவன் நெடுநேரம் எரியப்போகிறது என்றால் அதன் முன்சூட்டு நேரமும் வீணாகாது. அந்த வேலையை வெயில் தாழ்ந்த பிறகு, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வது உத்தமம்.