காண்டாக்டர் மாடல்: வெரிலாக்-ஏவா, விஎச்டிஎல்-ஏஎம்எஸ்ஸா?

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத் தோட்டங்களில் ஓடும் 5 எச்பி பம்ப்செட் ஸ்டார்ட்டர், மதுரைக் கல்லூரி லேப்களில் கம்ப்யூட்டர் சிமுலேஷனுக்கு மாடல் எழுதிப் பழக நல்ல பொருள். அப்படி மாடல் எழுதும் இரண்டு மொழிகள்தான் வெரிலாக்-ஏவும் விஎச்டிஎல்-ஏஎம்எஸ்ஸும். வம்பு செய்வது மோட்டார் அல்ல, ஸ்டார்ட்டரில் உள்ள காண்டாக்டர் என்ற சுவிட்சின் தொடுமுனை, அதாவது காண்டாக்ட்தான். மூடினால் வோல்டேஜ் பூஜ்யம், திறந்தால் கரண்ட் பூஜ்யம். ஒரே கிளை (இரண்டு முனைகளை இணைக்கும் பாதை) இரண்டு வேடம் கட்ட வேண்டும்.

வெரிலாக்-ஏவின் <+ குறி ஒரு கிளைக்கு மதிப்பைச் சேர்ப்பது, மொய் நோட்டு மாதிரி. ஐ(அ,ஆ) <+ என்று எத்தனை வரி எழுதினாலும் அ, ஆ முனைகளுக்கு இடையிலான கரண்ட் கூடிக்கொண்டே போகும். நடுவில் அதே கிளைக்கு வி(அ,ஆ) <+ என்று ஒரு வோல்டேஜ் வரி வந்தால் போச்சு. அதுவரை சேர்ந்த கரண்ட் அத்தனையும் கழிந்து, கிளை வோல்டேஜ் சோர்ஸ் ஆகிவிடும். மாற்றி எழுதினாலும் இதே கதை, கடைசியில் வந்ததே நிற்கும்.

இப்போது காண்டாக்டை எழுதிப் பாருங்கள். 'மூடியிருந்தால் வி(அ,ஆ) <+ 0' என்று போட்டுவிட்டு, அதற்குக் கீழே கசிவுக்காக (திறந்திருக்கும்போதும் ஒழுகும் சிறு கரண்ட்) ஐ(அ,ஆ) <+ வி(அ,ஆ)/10 மெகா என்று சேர்த்தால், காண்டாக்ட் மூடவே மூடாது. கசிவு வரி கடைசியில் வந்து வோல்டேஜ் வரியைத் தள்ளிவிடுகிறது. விதிப்படி இது சரியான புரோகிராம் என்பதால் பிழைச்செய்தியை எதிர்பார்க்கக் கூடாது. கசிவுக்குத் தனிப் பெயரில் ஒரு கிளை அறிவித்தால் சரியாகும். பெயருள்ள கிளையும் பெயரில்லாக் கிளையும் வேறு வேறு, இணையாக நிற்பவை.

அதிலும் ஒரு பொறி. கிளைகள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டு, கரண்டைப் பார்க்க மட்டும் ஐ(அ,ஆ) என்று எழுதினால், அங்கே புதிதாகப் பெயரில்லாக் கிளை ஒன்று அம்மீட்டராகப் பிறக்கும். அதன் வோல்டேஜ் பூஜ்யம், அதாவது இரண்டு முனையும் ஷார்ட்!

விஎச்டிஎல்-ஏஎம்எஸ்ஸில் கூட்டலும் இல்லை, தள்ளலும் இல்லை. == போட்டுச் சமன்பாடுதான் எழுதுகிறோம். மூடியபோது வி == 0.0, திறந்தபோது ஐ == 0.0, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சமன்பாடு. கசிவுக்கு அதே முனைகளுக்கு இடையே இன்னொரு கரண்ட் குவான்டிட்டி (சமன்பாட்டில் வரும் மாறி) அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் அதே ஐ-க்கு இரண்டாவது சமன்பாடு எழுதினால் சமன்பாடுகளின் எண்ணிக்கை மாறிகளின் எண்ணிக்கையோடு இடிக்கும், மாடல் ஓடுமுன்பே பிழை காட்டும். எழுதக் கை வலிக்கும்தான். ஆனாலும் பழகுகிறவர்களுக்கு இந்தக் கண்டிப்பே நல்லது.

இரண்டு வம்பும் வேண்டாமென்று காண்டாக்டை ரெசிஸ்டராகவே எழுதுவோரும் உண்டு: மூடினால் 0.01 ஓம், திறந்தால் 10 மெகா ஓம். கிளை கடைசிவரை கரண்ட் சோர்ஸாகவே இருப்பதால் எந்த வரியும் எதையும் தள்ளாது. மாறும்போது மட்டும் ஓமை நேர்கோட்டில் இறக்காதீர்கள். பாதி நேரத்தில் இன்னும் 5 மெகா ஓமிலேயே நிற்கும். லாக் அளவில் இறக்கினால் பாதியில் சுமார் 316 ஓம்.

எந்த வழியானாலும், மோட்டார் சுருளில் 7 ஆம்பியர் ஓடும்போது காண்டாக்டைத் திறந்தால் 10 மெகா ஓமின் மேல் கணக்குக்கு 7 கோடி வோல்ட் வரும். டைம் ஸ்டெப் (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் உள்ள நேர இடைவெளி) சுருங்கிச் சுருங்கி சிமுலேஷன் நின்றுவிடும். சுருளின் கரண்டுக்கு ஒரு வழி கிடைக்க, காண்டாக்டுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராகப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.