பழைய சீக்கோ 5: அசல் டயலுக்காகவே வாங்கினேன்

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். காலண்டர், லேபிள், அப்புறம் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பேட் பிரிண்டிங். அச்சைப் பார்த்தே பிழைப்பு ஓடுவதால், பழைய வாட்ச் வாங்கும்போதும் என் கண் முதலில் டயலில் உள்ள எழுத்துக்குத்தான் போகும். இப்போது என் கையில் இருப்பது சீக்கோ 5 என்ற பழைய ஜப்பான் வாட்ச். உள்ளே 7009 என்ற எண்ணுள்ள மெஷின், வெள்ளி நிற டயல், விலை 4,800 ரூபாய். கண்ணாடியில் கீறல் இருக்கிறது, செயின் தொய்ந்திருக்கிறது, டயலில் எட்டு மணிப் பக்கம் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள். எல்லாம் தெரிந்தேதான் வாங்கினேன். கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி.

இதே வாட்ச் இணையத்தில் 1,800 ரூபாய்க்கும் கிடைக்கிறது. நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நேற்று செய்தது போல மின்னும். அவற்றில் பெரும்பாலானவை ரீடயல். பழைய டயலின் பெயின்டையும் எழுத்தையும் சுத்தமாக எடுத்துவிட்டு, அந்தத் தகட்டில் புதுப் பெயின்ட் அடித்து, மேலே மறுபடியும் எழுத்தை அச்சடித்திருப்பார்கள். இப்படிச் செய்வதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊர் வியர்வையிலும் ஈரக்காற்றிலும் ரப்பர் வாஷர் காய்ந்த வாட்சுக்குள் ஈரம் இறங்கி டயல் கறுத்துப்போவது சாதாரணம். ஒரு வீட்டுக்கு ஒரு வாட்ச் இருந்த காலத்தில், டயலைப் புதுப்பித்துக் கட்டிக்கொண்டவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். ரீடயலை ரீடயல் என்று சொல்லி அதன் விலைக்கு விற்கட்டும். 'ஒரிஜினல் டயல், கட்டாமல் வைத்திருந்தது' என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் வாட்சை விற்றவர் வியாபாரி இல்லை. அவருடைய அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது வாங்கியது. 1983ஆம் வருட ரசீது மங்கிப்போய் இருந்தாலும் படிக்க முடிந்தது. போனில் பேசும்போது, "அண்ணாச்சி, ஆறு மணிக்குக் கீழே விளிம்பு தெரியுற மாதிரி வாட்சைச் சாய்ச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டேன். "அங்க என்ன தம்பி இருக்கு?" என்றார், ஆனால் அனுப்பினார். அந்த ஒரு படத்திலேயே பாதி முடிவெடுத்துவிட்டேன்.

சீக்கோ டயலின் கீழ் விளிம்பில், நேராகப் பார்த்தால் பாதி மறைந்துபோகிற இடத்தில், பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண். பின்மூடியிலும் ஒரு எண் உண்டு. என் வாட்சில் அது 7009-876ஏ. டயலிலும் 7009 என்றே தொடங்கவேண்டும், தொடங்குகிறது. கோடுக்கு அடுத்து வருவது டயலில் ஒன்றாகவும் பின்மூடியில் வேறாகவும் இருக்கலாம். ஒன்று டயலுக்கான எண், மற்றது கேஸுக்கான எண். இது தெரியாமல் நல்ல வாட்சை வேண்டாம் என்று தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரீடயலில் பல சமயம் அந்த எண்ணே இருக்காது. இருந்தாலும் 7009 வாட்சில் 6309 என்றோ 6119 என்றோ வேறு மெஷினின் எண்ணை அடித்திருப்பார்கள்.

பின்மூடியில் உள்ள வரிசை எண்ணையும் பாருங்கள். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். என் வாட்சில் 3, 2 என்று தொடங்குகிறது. பத்தாண்டு எது என்பதை அந்த எண் சொல்லாது. ரசீது இருந்ததால் 1983 பிப்ரவரி என்று உறுதியானது. கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி வருகின்றன. வளைகுடாவில் விற்ற வாட்சில் அப்படி இருப்பது வழக்கம். ரசீது, வரிசை எண், கிழமை மூன்றும் ஒரே கதையைச் சொன்னதும் மனசு நிம்மதியானது.

இனி அச்சு. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொழிற்சாலை டயலில் எழுத்து பேட் பிரிண்டிங்கில் வருவது. தகட்டில் பள்ளமாகச் செதுக்கிய எழுத்தில் மை நிரப்பி, மெத்தென்ற பேடால் அதை எடுத்து டயலில் ஒற்றுவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பார்த்தால் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நேராக நிற்கும், மை லேசாக மேடாகத் தெரியும். ஒரு கடையில் 'அசல்' என்று என்னிடம் காட்டிய நீல டயலை இதே லூப்பில் பார்த்தேன். வளைவுகளில் எல்லாம் பல் பல்லாக இருந்தது. அது ஸ்கிரீன் பிரிண்டிங், சல்லடை வலையின் தடம். தவிர, 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லை. நிமிடக் கோடுகள் பன்னிரண்டு மணிக் கட்டைக்கு (மணியைக் காட்ட ஒட்டிய துண்டு) நேராக நின்றன, நான்கு மணிக்கு வரும்போது அரைக்கோடு தள்ளிப் போயிருந்தன. நான் அடிக்கிற ஐந்து ரூபாய் மூடியில் அச்சு இவ்வளவு விலகியிருந்தால் எங்கள் முதலாளி மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

லூப் இல்லாதவர்கள் வெளிச்சத்தை வைத்துப் பார்க்கலாம். என் டயலில் நடுவிலிருந்து விளிம்புக்கு மயிரிழைக் கோடுகள் ஓடுகின்றன. வாட்சைத் திருப்பினால் வெளிச்சமும் வட்டமாகச் சுற்றி வரும். தேய்த்துப் பெயின்ட் அடித்த டயலில் இந்த ஓட்டம் செத்துவிடும், நிறம் மட்டும் தட்டையாக நிற்கும். தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் திரண்டு மழுங்கியிருக்கிறதா, ஒட்டிய மணிக் கட்டைகளின் அடியில் பெயின்ட் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். முள்ளில் உள்ள ஒளிரும் பூச்சு பழுப்பேறிக் கிடக்க, டயலில் உள்ளது மட்டும் இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், இரண்டில் ஒன்று பின்னால் வந்தது.

சுவிஸ் வாட்ச் தேடுகிறவர்களுக்கும் ஒன்று. 1960களிலிருந்து 1990கள் வரை வந்த, இருட்டில் ஒளிர ட்ரிஷியம் பூசிய டயல்கள் பலவற்றில் 'சுவிஸ் மேட்' என்பதற்கு இரண்டு பக்கமும் 'டி' என்ற எழுத்து இருக்கும். மறுபடி அடிக்கும்போது விட்டுப்போகிற முதல் விஷயங்களில் அதுவும் ஒன்று. பழைய ஃபேவர் லூபா பார்க்கும்போது நான் அந்த இடத்துக்குத்தான் முதலில் போவேன். எச்.எம்.டி.யிலும் இந்தக் கவனம் வேண்டும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்ச் தொழிலை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இன்றைக்கும் நினைத்த நிறத்தில் எல்லாம் 'புது' எச்.எம்.டி. பைலட் மாடல் விற்பனைக்கு வருகிறது என்றால், டயலை யார் அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, வாட்ச் எப்படி ஓடுகிறது? 17 ஜூவல் (தேய்மானத்தைக் குறைக்கும் கல்), மணிக்கு 21,600 துடிப்பு. சாவியைத் திருகிக் கையால் சாவி கொடுக்க முடியாது. ஆட்டினால்தான் உயிர் வரும். நொடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்கவும் முடியாது. வாங்கியதும் சர்வீஸுக்கு 1,200 ரூபாய் செலவானது. அதன் பிறகு நாளுக்கு அரை நிமிடத்துக்குள்தான் முன்னே போகிறது, தினமும் கட்ட இது போதும். மெக்கானிக் பின்மூடியைத் திறந்ததும் ரோட்டரில் (கை ஆட ஆடச் சுற்றிச் சாவி கொடுக்கும் தகடு) 7009ஏ என்று இருப்பதைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பழைய வாஷரை மாற்றியாகிவிட்டது, ஆனாலும் இதோடு குளிக்கமாட்டேன்.

குறை என்றால் செயின்தான். இடைவெளி விழுந்து முடியைப் பிடுங்குகிறது. 18 மில்லிமீட்டர் தோல் வார் மாற்றப்போகிறேன். கண்ணாடியையும் மாற்றலாம். டயலை மட்டும் தொடவேண்டாம் என்று மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். "அந்தப் புள்ளிய எடுத்து ஜம்முனு பண்ணித் தரேன், முந்நூறு ரூபாதான்" என்றார். புள்ளி இருக்கட்டும் என்றேன்.

பளபளப்பு வேண்டும், அசல் பற்றிக் கவலையில்லை என்பவர்கள் 1,800 ரூபாய் ரீடயலையே தாராளமாக வாங்கலாம், மெஷின் அதே மெஷின்தான். 4,800 கேட்டால் மட்டும், ஆறு மணிக்குக் கீழே சாய்த்து எடுத்த படத்தைக் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குகிற ஆளிடம் நான் வாங்குவதில்லை.